சுட்டவருக்குப் பாதி, கரடிக்குப் பாதி: சத்தமா, வாசனையா?

கூடலூர்க்காரன் (மாலை 6.40)
முந்தாநாள் இங்கே ஒரு அன்பர் எழுதியிருந்தார். அமெரிக்காவில் மொன்டானா பக்கம் இருக்கும் அவருடைய மச்சான் அனுமதிச் சீட்டு வாங்கி ஒரு எல்க் மானைச் சுட்டாராம். நல்ல பெரிய ஆண். அறுத்துத் துண்டு போட்டு, பாதியை முதுகில் சுமந்து வண்டியில் வைத்துவிட்டு வந்து பார்த்தால், மீதியைக் கரடி மண்ணைத் தள்ளி மூடி, மேலேயே படுத்திருந்ததாம். "துப்பாக்கிச் சத்தம் கேட்டு வந்த திருட்டுக் கரடி" என்று முடித்திருந்தார். இரண்டு நாளாகப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. கரடி வருவது மூக்கால் ஐயா, காதால் அல்ல. குடலை உருவி அங்கேயே கொட்டிவிட்டு வந்தால் காற்று அதைத் தபால் மாதிரி கொண்டுபோய்ச் சேர்க்கும். காட்டுப் பக்கமே போகாதவர்கள் கரடிக்குக் காது வைக்க வேண்டாம்.

கம்பத்தான் (6.58)
அந்த அன்பர் நான்தான். பேரைச் சொல்லியே எழுதலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். மச்சான் சுட்டது நாலரை மணிக்கு. திரும்பி வந்தது ஆறு மணிக்கு. ஒன்றரை மணி நேரத்தில் வாசனை பிடித்து, நடந்து வந்து, மண்ணும் போட்டு மூடியதா? அங்கே வேட்டைக்காரர்கள் துப்பாக்கிச் சத்தத்தைச் சாப்பாட்டு மணி என்றே சொல்கிறார்கள். அலாஸ்காவில் கோடியாக் தீவிலும் இதே பேச்சுத்தான்.

கூடலூர்க்காரன் (7.03)
சொல்கிறார்கள், சொல்கிறார்கள். எங்கள் ஊரில் ஆந்தை அலறினால் ஆள் போகும் என்றுகூடத்தான் சொல்கிறார்கள். சத்தம் கேட்டு ஒரு கரடி எழுந்து வந்ததைக் கண்ணால் பார்த்தது யார்?

பழைய வாத்தியார் (7.20)
முதலில் திருட்டு என்றால் என்ன என்று பேசிக்கொள்ளலாமா? கொன்றவன், கண்டெடுத்தவன், பறித்தவன் மூன்று பேரும் வேறு வேறு. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி, செத்துக் கிடக்கும் காட்டு மிருகம் அரசாங்கச் சொத்து. புலி அடித்துப் போட்ட மானின் தொடையை ஒருவன் வெட்டிக்கொண்டு வந்தால், அவன் புலியிடம் திருடவில்லை, அரசாங்கத்திடம் திருடுகிறான்.

கூடலூர்க்காரன் (7.22)
வாத்தியாரே, சட்டமெல்லாம் அப்புறம். கரடி சத்தம் கேட்டு வந்ததா, இல்லையா? அதற்கு வாருங்கள்.

மறையூர் சர்க்கரை (7.41)
ஆய்வே இருக்கிறது. வயோமிங் மாநிலத்தில் கிராண்ட் டீட்டன் பக்கம் ஒருவர் செய்து பார்த்து 2005இல் வெளியிட்டார். துப்பாக்கிச் சத்தம் கேட்ட இடத்துக்கு அண்டங்காக்கைகள் வந்தன. வேறு சத்தங்கள் எழுப்பிப் பார்த்தபோது அப்படி வரவில்லை. சுட்டவன் குடலைப் போட்டுவிட்டுப் போவான் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. காக்கைக்கு இருக்கிற மூளை கரடிக்கு இருக்காதா?

கம்பத்தான் (7.43)
அப்படிப் போடு!

கூடலூர்க்காரன் (7.50)
காக்கை வந்தது என்றால் காக்கை வந்தது. கரடி வந்ததா? அந்த ஆய்வில் கரடி எங்கே?

பாறு நண்பன் (7.55)
சின்னத் திருத்தம். அது அண்டங்காக்கை இல்லை, ரேவன். நம் அண்டங்காக்கையை விடப் பெரியது, வேறு இனம். தமிழ்நாட்டில் நீங்கள் பார்த்திருக்கவே முடியாது.

மறையூர் சர்க்கரை (8.01)
கறுப்பாகத்தானே இருக்கிறது.

பாறு நண்பன் (8.02)
கரியும்தான் கறுப்பு. போன மாதம் பாறுவைக் கழுகு என்று எழுதியதும் நீங்கள்தானே? பாறு இரையை அடிக்காது, செத்ததைத் தின்னும். கழுகு அடிக்கும். அதையே பிரித்துச் சொல்லத் தெரியாதவர் ஆய்வு பேச வருகிறார்.

மறையூர் சர்க்கரை (8.06)
எங்கள் ஊரில் பிணந்தின்னிக் கழுகு என்றுதான் சொல்வோம். எங்கள் தாத்தாவுக்குப் புரிந்தது. உங்களுக்குப் புரியவில்லை என்றால் அகராதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கூடலூர்க்காரன் (8.30)
இரண்டு பேரும் சண்டையை அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நான் முதுமலை ஓரத்தில் பிறந்தவன். சொல்கிறேன், கேளுங்கள்.

செந்நாய் ஒரு புள்ளிமானை மடக்கினால் நாலைந்து சேர்ந்து உயிரோடு இருக்கும்போதே வயிற்றைக் கிழிக்கும். எலும்பு தெரிய அதிக நேரம் ஆகாது. அது தின்று முடிப்பதற்குள் ஆள் போய்க் கத்தினால் விலகி நிற்கும். நீலகிரிக் குறும்பர்கள் அப்படி விரட்டிவிட்டு இறைச்சி எடுத்து வருவது பழைய வழக்கம். சட்டம் வருவதற்கு முந்தைய கதை இது, யாரும் புகார் எழுதக் கிளம்ப வேண்டாம். எப்படிக் கண்டுபிடித்தார்கள்? எங்கள் தாத்தா சொல்வார்: காக்கை கூடுகிற இடத்தைப் பார், பாறு வட்டம் போடுகிற இடத்தைப் பார். கண்ணால்தான் கண்டுபிடித்தார்கள். பாறுவும் அப்படித்தான். அமெரிக்கப் பாறுகளில் ஒரு வகைக்கு மோப்பம் உண்டு, நம் பாறுவுக்குக் கண்தான் மூலதனம். ஒன்று இறங்குவதைப் பார்த்துத்தான் அடுத்தது இறங்கும். காட்டுயிர் ஆய்வாளர் ஜான்சிங் பந்திப்பூரில் 1970களில் செந்நாய்களின் பின்னாலேயே அலைந்து ஆராய்ந்தார். அவரே வந்து செந்நாய் வேட்டுச் சத்தம் கேட்டு வரும் என்று சொல்லியிருந்தால் நான் வாயை மூடியிருப்பேன்.

ஆக, முதல் திருடன் மனிதன். செந்நாயிடம் பறித்தவன் கரடியைத் திருடன் என்கிறான். அது போகட்டும். சத்தம் கேட்டு எதுவும் வருவதில்லை. வாசனை, கண். அவ்வளவுதான்.

நெல்லைக் காற்று (8.44)
ஜான்சிங் எங்கள் நாங்குநேரிக்காரர். நீலகிரிக்காரர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள்.

கம்பத்தான் (8.52)
கூடலூரண்ணே, செந்நாய்க் கதை நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் துப்பாக்கியே இல்லையே. சத்தமே இல்லாத கதையைச் சொல்லிச் சத்தம் கேட்டு வராது என்று நிரூபிக்கிறீர்கள்.

கூடலூர்க்காரன் (8.55)
தம்பி, 2023 மே மாதம் அரிக்கொம்பன் உங்கள் கம்பத்துக்குள் இறங்கியபோது இதே இடத்தில் என்ன எழுதினீர்கள்? "ரைஸ்மில் சத்தம் கேட்டு வந்தது." அன்றும் சத்தம், இன்றும் சத்தம். சின்னக்கானலிலிருந்து பிடித்துப் பெரியாறு காட்டில் கொண்டுபோய் விட்ட யானை அது, அரிசிக்காக வீட்டை உடைத்ததால்தான் அந்தப் பேரே வந்தது. வாசனை!

கம்பத்தான் (8.57)
அது கேலிக்கு எழுதியது.

கூடலூர்க்காரன் (8.58)
அப்போது நூறு பேரிடம் சண்டை போட்டீர்களே, அதுவும் கேலிதானா?

கொழிஞ்சாம்பாறை (9.10)
நான் பாலக்காட்டுப் பக்கம். இங்கே 2022இலிருந்து பஞ்சாயத்துத் தலைவர் உத்தரவு போட்டால் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியை லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர் சுடலாம். ஆனால் இறைச்சியைத் தொடக்கூடாது, புதைக்க வேண்டும். சுட்டவனுக்கும் இல்லை, நரிக்கும் இல்லை. போன வருஷம் எங்கள் தென்னந்தோப்பில் ஒன்றைச் சுட்டார்கள். சத்தம் கேட்டு வந்தது யார் தெரியுமா? ஊர்க்காரர்கள். பத்து நிமிஷத்தில் முப்பது பேர், அதில் நாலு பேர் கையில் பாத்திரம்.

மறையூர் சர்க்கரை (9.12)
ஆக, சத்தத்துக்கு வருகிறார்கள்! ஒன்று நிரூபணம்.

தேவாரம் மிளகு (9.15)
கேரளாவில் பன்றியைப் புதைக்கிறார்களாம், நம்பிவிட்டோம். வாளையார் தாண்டினால் எந்த இறைச்சிக்கு என்ன மரியாதை என்று எங்களுக்கும் தெரியும்.

கொழிஞ்சாம்பாறை (9.19)
மரியாதையாகப் பேசுங்கள். நானும் தமிழன்தான், எல்லை கோடு போட்டபோது என்னைக் கேட்கவில்லை.

பழைய வாத்தியார் (9.30)
நான் கேட்டது அப்படியே கிடக்கிறது. 1960களில் விலங்கியல் ஆய்வாளர் ஹான்ஸ் க்ரூக் தான்சானியாவின் கொரோங்கோரோவில் இரவெல்லாம் கழுதைப்புலிகளைப் பின்தொடர்ந்தார். விடிகாலையில் சிங்கம் தின்றுகொண்டிருக்கும், கழுதைப்புலி சுற்றி நிற்கும், பார்க்கிறவன் கழுதைப்புலியைத் திருடன் என்பான். உண்மையில் பல நேரம் இரவில் கொன்றது கழுதைப்புலி, பறித்தது சிங்கம். அதனால்தான் திருட்டு என்ற சொல்லை...

கூடலூர்க்காரன் (9.33)
நல்ல எடுத்துக்காட்டு வாத்தியாரே. அங்கே துப்பாக்கி உண்டா? இல்லை. சத்தம் இல்லாமலே சிங்கம் வந்தது. என் கட்சி.

மறையூர் சர்க்கரை (9.36)
கழுதைப்புலிகள் போடும் கூச்சலைக் கேட்டுத்தான் சிங்கம் வருகிறது. அது சத்தம் இல்லையா?

பாறு நண்பன் (9.38)
அது புள்ளிக் கழுதைப்புலி. நம் சீகூர்ப் பக்கம் இருப்பது வரிக் கழுதைப்புலி. குழப்ப வேண்டாம்.

கூடலூர்க்காரன் (9.40)
கூச்சல் வேறு, வேட்டு வேறு.

கம்பத்தான் (9.47)
இதற்குப் பதில் சொல்லுங்கள். செப்டம்பரில் வேட்டைக்காலம் தொடங்கியதும் எல்லோஸ்டோன் பூங்காவிலிருந்து கிரிஸ்லி கரடிகள் எல்லை தாண்டி வேட்டை நடக்கும் பக்கம் நகர்வதை, கழுத்தில் ரேடியோ பட்டை கட்டியே கவனித்திருக்கிறார்கள். பூங்காவுக்குள் வேட்டை கிடையாது, வெளியே உண்டு. எல்லைக்கோடு கரடிக்கு எப்படித் தெரிந்தது?

கூடலூர்க்காரன் (9.52)
குடல் நாறியது, போனது. ஒரு முறை கிடைத்தால் அடுத்த வருஷம் அதே நாளில் வரும். எங்கள் வீட்டுப் பலாமரத்துக்கும் யானை அப்படித்தான் வருகிறது, நாங்கள் வேட்டு போட்டா அழைக்கிறோம்?

இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் மச்சான் ஏன் அந்தக் கரடியைச் சுடவில்லை? 1975இலிருந்து அங்கே அது பாதுகாக்கப்பட்ட இனம். உயிருக்கு ஆபத்து என்றால்தான் சுடலாம், மாமிசம் போகிறது என்று சுட முடியாது. அந்தக் கோபத்தில் திருடன் என்று பட்டம் கட்டுகிறார்.

கம்பத்தான் (9.54)
மச்சானைப் பற்றிப் பேச வேண்டாம்.

பாறு நண்பன் (10.05)
குடல் குடல் என்கிறீர்களே, அந்தக் குடலில் ஈயக் குண்டுத் துணுக்கு இருக்கும். அதைத் தின்றுதான் கலிபோர்னியா காண்டர் என்ற அமெரிக்கப் பாறு செத்தது. 1982இல் மொத்தமே 22 பறவைகள். 2019இலிருந்து அந்த மாநிலத்தில் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. நம் பாறுவுக்கு எமன் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டின் உடலில் இருந்தது. மாட்டுக்குப் போடுவதை 2006இல் தடை செய்வதற்குள் முக்கால்வாசிக்கு மேல் போய்விட்டது. மாயாறு பள்ளத்தாக்கில் மிச்சம் இருப்பதையும், புலி அடித்த மாட்டில் விஷம் தடவி வைத்துக் கொல்கிறார்கள். இதைப் பேச ஒருவருக்கும் மனம் இல்லை.

மறையூர் சர்க்கரை (10.07)
கழுகைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள்.

பாறு நண்பன் (10.07)
பாறு!!

கூடலூர்க்காரன் (10.31)
கடைசியாகச் சொல்கிறேன். இது நான் நாலாவது முறை கடைசியாகச் சொல்வது, தெரியும். கரடி சத்தத்துக்கு வராது.

தேவாரம் மிளகு (10.33)
அண்ணே, உங்கள் எஸ்டேட் பக்கம் பன்றி விரட்ட வெடி போடுவீர்கள்தானே? இப்போது ஒன்று போட்டுப் பாருங்களேன். கரடி வருகிறதா என்று தெரிந்துவிடும்.

கூடலூர்க்காரன் (10.34)
இங்கே எல்க் மான் இல்லை. வெறும் வெடிக்கு எது வரும்?

கம்பத்தான் (10.35)
ஆக, மான் இருந்தால் வெடிக்கு வரும் என்கிறீர்கள். எழுதி வைத்துக்கொள்கிறேன்.

கூடலூர்க்காரன் (10.36)
நான் எங்கே அப்படிச் சொன்னேன்? மேலே போய்ப் படியுங்கள். வாசனை என்று ஆறு இடத்தில் எழுதியிருக்கிறேன்.

பழைய வாத்தியார் (10.50)
மூன்று இடத்தில்தான் இருக்கிறது. எண்ணிவிட்டேன்.