லினக்ஸில் கிராபிக்ஸ் டிரைவர் போட்டபோது உங்களுக்கு என்ன ஆச்சு?

குமுளி ஸ்டுடியோ:
கல்யாண வீடியோ எடிட்டிங் கடை. உபுண்டு, ஜிடிஎக்ஸ் 1650 கார்டு. பிளெண்டரில் கார்டை வைத்து ரெண்டர் பண்ண என்விடியாவின் சொந்த டிரைவர்தான் வேண்டும், லினக்ஸோடு வரும் இலவச டிரைவரான நூவோ உதவாது. மெஷினில் செக்யூர் பூட் (கையெழுத்தில்லாத டிரைவரை உள்ளே விடாத காவல்) இருந்ததால், டிரைவர் ஏறும்போதே ஒரு பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். ரீஸ்டார்ட் ஆகிற நேரம் பார்த்து வாசலில் கஸ்டமர். உள்ளேயிருந்து கடைப் பையன், "அண்ணே, நீலமா என்னமோ வருது, வைரஸா?" என்று கத்துகிறான். நான் ஓடி வருவதற்குள் என்டரை இரண்டு தரம் தட்டிவிட்டான். மேலே இருந்தது 'கன்டினியூ பூட்'. நமக்கு வேண்டியது அதன் கீழே இருந்த 'என்ரோல் மோக்', அதாவது டிரைவரின் கையெழுத்துச் சாவியைப் பதிவு செய்வது. எதையும் தொடாமல் விட்டிருந்தாலும் பத்தே நொடியில் அந்தத் திரை போயிருக்கும்.

அப்புறம், டிரைவருக்கு அனுமதி கிடைக்காமல், எழுத்தெல்லாம் பூதாகரமாக வந்தது, இரண்டாவது மானிட்டர் இருட்டு. மறுநாள் வண்டிப்பெரியாற்றில் கல்யாணம், டைட்டில் பாதியில் நிற்கிறது. நள்ளிரவுக்கு மேல்தான் மோக்யூட்டில் என்ற கட்டளையில் அதே சாவியை மறுபடி இம்போர்ட் செய்து, நீலத்திரைக்காகக் காத்திருந்து, பாஸ்வேர்டைத் தட்டினேன். 'நீங்கள் போட்ட டிரைவருக்கு அனுமதி கேட்கிறோம்' என்று அந்தத் திரையில் ஒரு வரி இருந்திருந்தால் பையன் என்டரைத் தொட்டிருக்க மாட்டான். இன்னும் ஆறவில்லை எனக்கு.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
நூவோ உதவாது என்று ஒரே அடியாக அடிக்காதீர்கள், சார். எங்களுடையது தமிழ் மீடியம் பள்ளி. கேரளப் பள்ளிகளுக்கு அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் தருகிற லினக்ஸும் உபுண்டு வழி வந்ததுதான். லேபில் ஒரு பழைய மெஷினில் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 210 கார்டு. அதற்கான 340 வரிசை டிரைவரை 2019 கடைசியோடு நிறுத்திவிட்டார்கள். நூவோவை விட்டால் வேறு கதியில்லை.

ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் கூம்பைச் சுழற்றினால் புரொஜெக்டரில் திக்கித் திக்கி நகர்ந்தது. நூவோவில் பிஸ்டேட் என்று ஒரு கோப்பு உண்டு, கார்டின் வேகநிலைகள் அதில் வரிசையாக இருக்கும். ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) நுழைந்து மேல்நிலையின் எண்ணை எழுதினேன். ஃபேன் ஒரு உறுமல் உறுமியது. அடுத்த நொடி கூம்பு வழுக்கிக்கொண்டு சுற்றியது. பின் பெஞ்சில் ஒருத்தி எழுந்தே நின்றுவிட்டாள்! ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளில் இது நடக்காது. அங்கே கையெழுத்திட்ட ஃபர்ம்வேர் வழிமறிப்பதால் நூவோ வேகத்தை ஏற்ற முடியாது. கார்டின் வயதைப் பார்த்துத்தான் டிரைவர்.

நகரி:
என் அனுபவம் சின்னது. மாமா பையன் என்விடியா இணையதளத்திலிருந்து ரன் என்று முடியும் இன்ஸ்டால் கோப்பை இறக்கி டிரைவர் போட்டிருந்தான். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு அப்டேட் வந்த அன்று, அந்த டிரைவர் பொருந்தாமல் கருப்புத்திரை, மூலையில் கர்சர் மட்டும் சிமிட்டுகிறது. அவனுக்கு மறுநாள் புராஜெக்ட் ரிவ்யூ, முகம் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான்.

இப்படி ஆனால் பதறாதீர்கள். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தினால் பெரும்பாலும் டெர்மினல் வரும். வராவிட்டால் மெஷின் தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் 'ஈ' அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில், எளிய திரையில் துவக்கச் சொல்லும் நோமோட்செட் (nomodeset) சேர்த்து எஃப்10 தட்டுங்கள். ரன் கோப்பில் போட்டதை அதே கோப்பின் அன்இன்ஸ்டால் வழியாக எடுத்துவிட்டு, டிஸ்ட்ரோ (உபுண்டு மாதிரி) தரும் பேக்கேஜையே போடுங்கள். அது டி.கே.எம்.எஸ். (கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரைத் தானே மறுபடி பில்ட் செய்யும் ஏற்பாடு) என்றால் புதுக் கெர்னலின் ஹெடர்ஸ் கோப்புகள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாமல் டிரைவர் மாட்யூல் பில்டே ஆகாது.

குமுளி அண்ணா, உபுண்டுவில், அதை வெளியிடும் கனோனிகல் நிறுவனமே கையெழுத்திட்ட லினக்ஸ்-மாட்யூல்ஸ்-என்விடியா பேக்கேஜ் இருக்கிறது. அதைப் போட்டால் நீலத்திரையே வராது. இல்லையென்றால் செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள், தொல்லை விட்டது. புது மெஷின் வாங்குகிறவர்கள் ஏஎம்டி கார்டு பாருங்கள். அதன் டிரைவரான ஏஎம்டிஜிபியூ கெர்னலிலேயே இருக்கிறது, மீதியை மெசா என்ற கிராபிக்ஸ் தொகுப்பு பார்த்துக்கொள்ளும்.

செங்கோட்டை:
நகரிக்காரரே, எல்லாம் சரி, செக்யூர் பூட் விஷயத்தை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இதே யோசனையை நம்பி அக்கா லேப்டாப்பில் அணைத்தேன். அதில் விண்டோஸும் இருக்கிறது, பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டோடு. அடுத்த முறை விண்டோஸ் பக்கம் போனதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நின்றுவிட்டது. அக்கா புனலூர் ஆபீசுக்குக் கிளம்பி, பை தோளில், என்னையே பார்க்கிறாள். அந்த ஏழரை மணி பஸ் போயே போய்விட்டது. கடைசியில் அந்த எண் அவள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்தது, பிழைத்தோம்.

இரண்டும் இருக்கிற மெஷினில் அந்த எண்ணை முதலில் எழுதி வைக்காமல் செக்யூர் பூட்டை மாற்றுகிற பயாஸ் பக்கமே போகக் கூடாது. உங்கள் பதிவில் அந்த வரியைத் திருத்திவிடுங்கள், படித்துவிட்டு யாராவது அப்படியே செய்துவிடுவார்கள்.