தனுஷ்கோடி இடிபாடுகளை ஒரே நாளில் அளந்து வரைய முடியுமா?

கேள்வி (கட்டடக்கலை மாணவர்):
வணக்கம். நாங்கள் 8 பேர். தனுஷ்கோடியில் பழைய ஸ்டேஷன், தேவாலயம், தண்ணீர்த் தொட்டி மூன்றையும் அளந்து வரைய வேண்டும். எதில் தொடங்கலாம்? கல் கை பட்டாலே உதிர்கிறதே, ஏன்? சிமெண்ட் பூசினால் நிற்குமா?

பதில் (மண்டபத்துக் கொத்தனார்):
தம்பி, சிமெண்ட் வேண்டவே வேண்டாம். அந்தச் சுவர் பவளக்கல்லும் சுண்ணாம்புக் காரையும். பவளக்கல் முழுக்கத் துளை. உப்பு ஈரம் உள்ளே ஏறும். வெயிலில் காயும்போது உப்பு கட்டியாகி, துளையை உள்ளிருந்தே உடைக்கும். மேல்பூச்சு விழுந்த பிறகு தடுக்க எதுவும் இல்லை, அதான் மாவாக உதிர்கிறது. சிமெண்ட் அந்தக் கல்லைவிட இறுக்கம். ஈரத்தை வெளியே விடாது. உப்பெல்லாம் பூச்சுக்குப் பின்னால் சேரும், சில வருஷத்தில் பூச்சு கல்லையும் பிய்த்துக்கொண்டு விழும். முறையாகச் செய்தால் நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, உப்பில்லாத ஆற்று மணல் 3 பங்கு, நல்ல தண்ணீர். கடல் மணல் கூடவே கூடாது. புதுப் பவளக்கல் எடுப்பதும் சட்டப்படி குற்றம். விழுந்து கிடக்கும் கல்லைத்தான் திரும்ப வைக்க வேண்டும், அதுவும் அனுமதி வாங்கி. நீங்கள் அளந்தால் போதும். சுவரில் ஏறாதீர்கள், சாயாதீர்கள்.

பதில் (பழைய ரயில் பாதை ஆர்வலர்):
மூன்றையும் தனித்தனிப் படமாக வரைந்தால் ஊர் புரியாது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு சென்னை எழும்பூரிலிருந்து வந்த போட் மெயில் ரயில் இங்கே நிற்கும். பயணிகள் கப்பலேறி இலங்கையின் தலைமன்னார் போவார்கள். ஸ்டேஷன், தபால் நிலையம், சுங்கம், கப்பல்துறை எல்லாம் அந்த ஓட்டத்தை ஒட்டி அமைந்தவை. எனவே முதலில் பழைய தண்டவாளப் பாதை எந்தத் திசையில் போனது என்று ஒரு கோடு குறியுங்கள். பிறகு ஒவ்வொரு கட்டடமும் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் முகம் என்று எழுதுங்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் 653ஆம் எண் பயணிகள் ரயிலே அடித்துச் செல்லப்பட்டது. அதன் பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்துதான் ஓடியது. படத்தின் ஓரத்தில் இதைக் கட்டாயம் எழுதுங்கள்.

பதில் (சர்வே ஆள்):
வேலை முறை சொல்கிறேன். உயரத்தை மணலிலிருந்து அளக்காதீர்கள், மணல் காற்றோடு நகரும். டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்து ஒரே மட்டத்தில் நூல் கட்டி, அதிலிருந்து மேலும் கீழும் அளக்கவும். நீளத்தைத் துண்டு துண்டாகக் கூட்டினால் பிழையும் கூடும். ஒரு முனையில் டேப்பை வைத்துத் தொடர் அளவாக எடுங்கள். மூலைகள் 90 பாகை இருக்கும் என்று நம்பவேண்டாம், மூலைக்கு மூலை குறுக்களவு இரண்டும் வேண்டும். சுவரின் நேர் பார்க்கும் தூக்குக்குண்டு காற்றில் ஆடும், குண்டை ஒரு வாளித் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் நிற்கும். துணி டேப் இழுபடும், இரும்பு டேப்தான். முடித்ததும் நல்ல தண்ணீரில் துடைத்து எண்ணெய் தடவுங்கள்.

கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் போகாதீர்கள், தெற்குப் பக்கத்து மணல் கண்ணில் அப்பும்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் தேவாலயத்தில் தொடங்கலாமா அண்ணே?

பதில் (சர்வே ஆள்):
ஆமாம். காலை வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். உச்சி வெயிலில் வெள்ளைக் கல் கண்ணைக் கூசும், புகைப்படத்தில் கல்லின் மூட்டுக் கோடுகள் தெரியாது. ஸ்டேஷன் பிற்பகலுக்கு. மாலை 5 மணிக்குள் எல்லோரும் ராமேஸ்வரம் பக்கம் திரும்பியாக வேண்டும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டிக்கு இருவர் போதும்.