கீசரில் படிவது உப்பு அன்று: சூலூர்ப் பக்கம் குடிவந்த பின் கண்டது

கோவையில் பதினோரு ஆண்டுகள் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் வாடகைக்கு இருந்துவிட்டுச் சூலூர்ப் பக்கம் சொந்த வீட்டுக்கு வந்தபோது, போர்வெல்லில் கோடையிலும் தண்ணீர் நிற்குமா என்பதை மட்டுமே விசாரித்தேன். அது எப்படிப்பட்ட தண்ணீர் என்று கேட்கத் தோன்றவில்லை. காட்டு மழை அணையில் தேங்கி வரும் சிறுவாணியில் சுண்ணாம்பு மிகக் குறைவு. மதுக்கரையில் சிமென்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த இதே மாவட்டத்தில், பாறையிடுக்குகளில் நெடுங்காலம் ஊறிக் கிடந்த தண்ணீர் அப்படி இருக்காது என்பதை வீட்டுச் சாமான்கள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தன.

குடிவந்த எட்டாம் மாதம், 15 லிட்டர் கீசருக்குள்ளிருந்து கடுகு பொரிவது போன்ற சத்தம் கேட்கத் தொடங்கியது. தண்ணீர் சூடாக இரு மடங்கு நேரம் பிடித்தது. ஒரு நாள் சூடாவதே நின்றுவிட்டது. பழுது பார்க்க வந்த தம்பி மூடியைக் கழற்றி, தண்ணீரைச் சூடாக்கும் கம்பியான காயிலை இழுத்தபோது அது வெளியே வர மறுத்தது. சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத அந்தக் கம்பி, சாம்பல் வெள்ளையாக ஓடு கட்டி, மக்காச்சோளக் கதிர் அளவுக்குத் தடித்திருந்தது. தொட்டியின் அடியிலிருந்து அவர் செய்தித்தாளில் வழித்துப் போட்ட செதில்களைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 640 கிராம் இருந்தது. "உப்புத் தண்ணிங்கக்கா, இப்படித்தான் ஆகும்" என்றார்.

உப்பு என்ற அந்தச் சொல்தான் நம்மைத் தவறான வழியில் செலவு செய்ய வைக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஒரு செதிலைத் தம்ளர் தண்ணீரில் போட்டு வைத்தேன், விடியும்வரை கரையவில்லை. இன்னொன்றின் மீது எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தவுடன் நுண்ணிய குமிழிகள் சீறிக்கொண்டு கிளம்பின. அது சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட். கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து வரும் கால்சியம் பைகார்பனேட், சூடுபட்டதும் கரியமில வாயுவை வெளியேற்றிவிட்டு, கரையாத கார்பனேட்டாக மாறி, சூடு மிகுந்த இடமான காயிலின் மீதே ஒட்டுகிறது. ஓடு தடிக்கத் தடிக்க வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் காயிலுக்குள்ளேயே தங்குவதால் காயில் எரிந்துபோகிறது.

இதற்குள், வீடு முழுமைக்கும் ஆர்.ஓ. பொருத்தச் சொல்லி ஒரு விற்பனையாளர் டிடிஎஸ் மீட்டருடன் வந்து போனார். அந்த மீட்டர் கரைந்திருக்கும் உப்புகள் அனைத்தையும் சேர்த்து ஓர் எண்ணாகக் காட்டுமே தவிர, அதில் கடினத்தன்மை, அதாவது சுண்ணாம்பாகப் படியக்கூடிய கால்சியம், மெக்னீசியம் உப்புகள், எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. எனவே குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதித்தேன்; கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட் கணக்கில், லிட்டருக்கு 520 மில்லிகிராம் என்று முடிவு வந்தது. குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500, 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாதபோது 600 வரை அனுமதிக்கத்தக்கதாகவும் கூறுகிறது. ஆகவே இது குடிக்கவே கூடாத தண்ணீர் அன்று. ஆனால் நாளொன்றுக்கு 40 லிட்டர் சூடாக்கினால், 20 கிராமுக்கு மேல் சுண்ணாம்பு கீசர் வழியே கடந்து செல்கிறது. ஆண்டுக்கு ஏழு கிலோவைத் தாண்டும். அவ்வளவும் படிவதில்லை என்றாலும், படிவதே போதுமானது.

வாஷிங் மெஷினில் தண்ணீர் நுழையும் இடத்திலுள்ள சல்லடை அடைத்தது, துண்டுகள் அட்டைபோல விறைத்தது, சோப்புத்தூள் இரு மடங்கு தேவைப்பட்டது ஆகியவை நீங்கள் அறிந்தவையே.

இப்போது குளியலறைக் குழாய்களுக்கும் மெஷினுக்கும் மட்டும், கடினத்தன்மையைக் குறைக்கும் ரெசின் சாஃப்ட்னர் என்ற கருவியைப் பொருத்தியிருக்கிறோம். கீசரை 50 டிகிரிக்கு மேல் வைப்பதில்லை. ஆசிட் ஊற்றிக் கழுவலாம் என்று சிலர் சொன்னதைக் கேட்கவில்லை. அது காயிலையும் தொட்டியையும் சேர்த்தே அரிக்கும். கெட்டிலுக்கும் ஷவர் தலைக்கும் மளிகைக் கடை எலுமிச்சை உப்பு இரண்டு கரண்டி போதுமானதாக இருக்கிறது.

இந்தப் பதிவுக்கு ஈரோட்டிலிருந்து ஓர் உறுப்பினரின் பின்னூட்டம்:

அக்கா, நாங்களும் சென்ற மாதம் சாஃப்ட்னர் பொருத்தினோம். முன்பு டிடிஎஸ் 900 காட்டிய மீட்டர் இப்போது 910 காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்கள் என்று என் கணவர் பொருத்தியவரிடம் சண்டைக்கே போய்விட்டார்.

பதிவர்:

சண்டை வேண்டாம் தங்கை. சாஃப்ட்னர் உப்பை நீக்குவதில்லை. கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு அதற்கு ஈடாகச் சோடியத்தை விடுகிறது. அதனால் டிடிஎஸ் குறையாது, சற்றுக் கூடவும் செய்யலாம். துளிக் கணக்கில் கடினத்தன்மை பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். போர் தண்ணீர் சிவப்பிலிருந்து நீலமாவதற்குப் பல துளிகள் விட வேண்டியிருக்கும். சாஃப்ட்னர் சரியாக வேலை செய்தால் அதன் தண்ணீர் ஓரிரு துளிகளிலேயே நீலமாகிவிடும். நீலமாகத் தாமதித்தால் ரெசினுக்கு உப்புக் கரைசல் விட வேண்டிய நாள் வந்துவிட்டது என்று பொருள். சோடியம் கூடுவதால், இரத்த அழுத்தம் உள்ளவர் வீட்டில் இருந்தால், குடிப்பதற்கும் சமையலுக்கும் சாஃப்ட்னரைத் தொடாத தனிக் குழாய் வைத்துக்கொள்ளுங்கள்.