ஆண் இல்லாமலே லெப்பர்ட் கெக்கோ பல்லி முட்டை போட்டிருக்கு, இன்னொண்ணு வயித்துலயே நிக்குது

வணக்கம், என்கிட்ட இருக்கறது ஒரே ஒரு பொண்ணு லெப்பர்ட் கெக்கோ, பேரு மஞ்சு, கடைல பெருசாவே வாங்கினது, சில மாசம் ஆகுது. கொஞ்ச நாளா தொட்டி மூலைய பறண்டிக்கிட்டே இருந்துச்சு, புழுவும் சரியா எடுக்கல, நேத்து ராத்திரி பாத்தா தண்ணிக் கிண்ணத்துக்குப் பின்னாடி ஒரு முட்டை, ஒரு பக்கம் அமுங்கிக் கிடக்கு. இன்னொண்ணு வயித்துத் தோல் வழியா வெள்ளையா தெரியுது, இன்னும் வரல. ஆணே இல்லாம எப்படிங்க? பொரிக்க வைக்கலாமா?

பதில் 1:
கடைல ஆணோட சேத்து வச்சிருந்தா விந்து மாசக்கணக்குல உள்ளயே தங்கும், அதனால கரு உள்ள முட்டையாவும் இருக்கலாம். இல்லன்னா கோழி மாதிரி சும்மாவும் போடும். இருட்டுல டார்ச் அடிச்சுப் பாருங்க, உள்ள சிவப்பா நரம்பு ஓடினா கரு இருக்கு, வெறும் மஞ்சளா இருந்தா பெரும்பாலும் இல்ல. முட்டைய மட்டும் உருட்டிராதீங்க, எது மேல் பக்கம்னு தெரிய பென்சில்ல ஒரு புள்ளி வச்சுக்கங்க.

பதில் 2:
முட்டை கிடக்கட்டும் ப்ரோ, தாய பாருங்க. வழக்கமா ரெண்டும் அடுத்தடுத்து வந்துரும், நேத்துலேர்ந்து நிக்குதுன்னா உள்ள சிக்கியிருக்கலாம். தோண்ட ஈரமண் இல்லாததாலதான் மூலைய பறண்டிருக்கு. மூடி போட்ட டப்பால உடம்பு நுழையற அளவு ஓட்டை போட்டு, ஈரமான கோகோபீட் (தேங்கா நார்த் தூள்) நிரப்பி சூடான பக்கம் வைங்க. முக்கிக்கிட்டே இருந்தாலோ சோர்ந்து படுத்தாலோ ஊர்வன பாக்கற கால்நடை டாக்டர்கிட்ட உடனே போங்க, கால்சியம் கம்மியானாலும் இப்படி ஆகும். வயித்த அமுக்கி எடுக்கலாம்னு எவனாவது சொன்னா கேக்காதீங்க, உள்ளயே உடைஞ்சிரும்.

கேட்டவர்:
நன்றிங்க. டார்ச்ல வெறும் மஞ்சள்தான். டப்பா வச்சதும் உள்ள போய் தோண்டுது, ஆனா வயித்துல இருக்கற முட்டை அங்கயேதான் இருக்கு. டாக்டர நாளைக்குப் பாக்கறேன். அடுத்தது கருவோட வந்தா?

பதில் 3:
நாளைக்கு தள்ளாம இன்னைக்கே போன் போட்டுருங்க. கருவோட வந்தா வெர்மிகுலைட்டும் (ஈரத்தப் பிடிச்சு வைக்கற கனிமத் துகள்) தண்ணியும் சம எடைல கலந்து பாதி புதைச்சு வைங்க. 26 டிகிரில வச்சா பெரும்பாலும் பொண்ணு, 32 பக்கம் போனா ஆண் ஜாஸ்தி, சூடு கூடினா சீக்கிரமும் பொரியும். அந்த டப்பாவ எடுத்துராதீங்க, சில வாரத்துல அடுத்த ஜோடி வரலாம்.