எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு இனார்கானிக் (கனிம வேதியியல்) எடுக்கலாமா?

தென்காசி மாணவி:
எம்.எஸ்சி. வேதியியல் முதலாண்டு முடிக்கப் போகிறேன். அடுத்த மாதத்துக்குள் ப்ராஜெக்ட் கைடு யார் என்று சொல்லியாக வேண்டும். இனார்கானிக்கில் வரும் அணைவுச் சேர்மங்கள் (உலோக அயனியைச் சுற்றி வேறு மூலக்கூறுகளோ அயனிகளோ பிணைந்தவை) பாடம் எனக்கு உயிர். ஆனால் சீனியர்கள் எல்லோரும் "ஆர்கானிக் (கரிம வேதியியல்) எடு, இல்லாவிட்டால் வேலை கிடைக்காது" என்கிறார்கள். கல்விக்கடன் வேறு இருக்கிறது. உண்மை நிலவரம் என்ன?

கண்ணாடிக்குடுவை:
கடன் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், ஆர்கானிக்தான். நான் ஹைதராபாத்தில் மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் கம்பெனியில் இருக்கிறேன். இங்கேயும் பெங்களூரிலும் விசாகப்பட்டினத்திலும் ஆள் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். நேர்காணலில் பெயர் வினைகளும் (கண்டுபிடித்தவர் பெயரால் வழங்கும் வினைகள்) என்எம்ஆரும்தான் (மூலக்கூறின் அமைப்பைக் கண்டறியும் காந்தப்புல முறை) கேட்பார்கள். "இனார்கானிக் படித்தவர் தேவை" என்று ஒரு விளம்பரம் காட்டுங்கள் பார்ப்போம். பல கல்லூரிகளில் இனார்கானிக் ப்ராஜெக்ட் என்றால் ஒரு ஷிஃப் பேஸ் (உலோகத்தோடு பிணையும் ஒரு வகைக் கரிமச் சேர்மம்), அதோடு தாமிரமும் நிக்கலும், இரண்டு பாக்டீரியா மேல் ஒரு சோதனை. அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு கம்பெனியில் போய் என்ன பேசுவது?

முலாம்பட்டறை:
விளம்பரத்தில் அந்தப் பெயர் இருக்காது நண்பரே. கழிவுநீர் சுத்திகரிப்பு, பேட்டரி, வினையூக்கி, பெயின்ட் நிறமி, சிமென்ட் தரக்கட்டுப்பாடு என்று வேறு வேறு பெயரில் இருக்கும். நான் கோவையில் முலாம் பூசும் பட்டறைகளின் கழிவுநீரைப் பார்க்கிறேன். குரோம் தொட்டியிலிருந்து வரும் நீர் மஞ்சளாக இருக்கும். அது ஆறு இணைதிற குரோமியம், புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு. அமிலம் விட்டு பிஎச்சை 2, 3-க்கு இறக்கி, சோடியம் மெட்டாபைசல்பைட் சேர்த்தால் கண் முன்னாலேயே பச்சையாக மாறும், அதாவது மூன்று இணைதிறத்துக்கு இறங்கிவிடும். அப்புறம் சுண்ணாம்பு போட்டு 8, 8.5-க்கு ஏற்றினால் ஹைட்ராக்சைடாகப் படியும். அதற்கு மேல் ரொம்ப ஏற்றினால் படிந்தது திரும்பக் கரையத் தொடங்கும். இது முழுக்க முழுக்க இனார்கானிக்.

கண்ணாடிக்குடுவை:
மதிக்க வேண்டிய வேலைதான். ஆனால் நீங்கள் சொன்னதை டிப்ளமோ படித்த ஆபரேட்டர் அட்டவணையைப் பார்த்தே செய்துவிடுவார். இதற்கு எம்.எஸ்சி. எதற்கு?

முலாம்பட்டறை:
எல்லாம் ஒழுங்காகப் படியும் வரை அட்டவணை போதும். மின்சாரம் இல்லாமல் நிக்கல் முலாம் பூசும் கரைசலில் சிட்ரேட் மாதிரி ஈனிகள், அதாவது உலோக அயனியோடு பிணையும் பொருள்கள், இருக்கும். அவை நிக்கலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எவ்வளவு சுண்ணாம்பு போட்டாலும் நிக்கல் முழுதாகக் கீழே வராது. ஆபரேட்டர் இன்னும் சுண்ணாம்பு போடுவார், சேறுதான் கூடும். நிலைப்பு மாறிலி (அந்தப் பிடி எவ்வளவு வலுவானது என்று காட்டும் எண்) என்றால் என்னவென்று தெரிந்தவர்தான் "இங்கே சல்பைடோ டைதயோகார்பமேட்டோ வேண்டும்" என்று சொல்ல முடியும். தங்கச்சிக்கு உயிரான அதே பாடம்தான் இது.

உங்கள் கம்பெனியையே எடுத்துக்கொள்ளுங்கள். சுசுகி வினைக்கு (இரண்டு கரிம மூலக்கூறுகளை இணைக்கும் வினை) பல்லேடியத்தை வினையூக்கியாகப் போடுகிறீர்கள். வாய்வழி மருந்தில் அது ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது சர்வதேச வழிகாட்டுதல். அதை மருந்திலிருந்து பிரித்தெடுக்கும் வேதியியல் எது?

கண்ணாடிக்குடுவை:
அதையும் எங்கள் ஆர்கானிக் ஆட்களும் அனலிட்டிகல் ஆட்களும்தான் செய்கிறார்கள். என் கேள்வியே அதுதான். வேலை இருக்கிறது, ஆனால் வாசலில் அந்தப் படிப்புக்குக் கதவு இல்லை.

லித்தியம்ராஜா:
கதவு இல்லை என்று மொத்தமாக அடிக்காதீர்கள். தென் தமிழ்நாட்டில் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்த ஆறுமுகம் மந்திரம் மதுரையில் எம்.எஸ்சி. முடித்து, சென்னை ஐஐடியில் பிஎச்.டி. செய்து, லித்தியம் அயனி பேட்டரிக்காகப் பின்னாளில் நோபல் வாங்கிய ஜான் குடினஃபிடம் போனார். இரும்புச் சேர்மத்தில் மாலிப்டேட்டுக்குப் பதில் சல்பேட்டை வைத்ததும் மின்கலத்தின் மின்னழுத்தம் 3.0 வோல்ட்டிலிருந்து 3.6-க்கு ஏறியது. இரும்பு அதே இரும்புதான், பக்கத்தில் இருக்கும் எதிரயனி மட்டும் மாறியது! அந்த வழியில்தான் 1997-ல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வந்தது. இன்று எத்தனையோ மின்வண்டிகளில் ஓடுவது அதுதான். 2019-ல் குடினஃபுக்காக நோபல் உரை நிகழ்த்தியவரும் மந்திரம்தான். நம் ஊர்ப் பக்கத்திலேயே காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. பேட்டரிக்கென்றே ஆட்கள் அங்கே வேலை செய்கிறார்கள்.

கண்ணாடிக்குடுவை:
மந்திரம் மேல் எனக்கும் பெருமதிப்பு உண்டு. ஆனால் அது பிஎச்.டி. பாதை. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (ஆய்வு மாணவர் உதவித்தொகை) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் வரும், கடனைச் சமாளிக்கலாம். கிடைக்காவிட்டால்? எம்.எஸ்சி. முடித்த கையோடு சம்பளம் வேண்டிய பிள்ளைக்கு நோபல் கதை சொல்லாதீர்கள்.

தென்காசி மாணவி:
பிஎச்.டி. போகும் எண்ணம் இப்போதைக்கு இல்லை அண்ணா. எங்கள் துறையில் இனார்கானிக்குக்கு இரண்டு கைடுகள். ஒருவர் ஷிஃப் பேஸ், இன்னொருவர் சோடியம் அயனி பேட்டரிக்கான ஆக்சைடுகள். இரண்டாமவரிடம் ஃபர்னஸும் (உயர்வெப்ப உலை) எக்ஸ்ஆர்டியும் (எக்ஸ் கதிரால் படிக அமைப்பைக் காட்டும் கருவி) இருக்கின்றன.

முலாம்பட்டறை:
அப்படியானால் இரண்டாமவரிடம் போம்மா. எக்ஸ்ஆர்டியை மாதிரி கொடுத்துவிட்டு வராமல் நீயே இயக்கக் கற்றுக்கொள். பேட்டரி, செராமிக், சிமென்ட் என்று மூன்று பக்கமும் அது கேட்பார்கள்.

கண்ணாடிக்குடுவை:
ஷிஃப் பேஸ் வேண்டாம் என்பதில் நாங்கள் இருவரும் ஒன்று. ஆனால் ஆக்சைடு எடுத்தாலும் மாலையில் என்எம்ஆர் கணக்குகளை விடாதே. முதல் நேர்காணல் எங்களைப் போன்ற கம்பெனியிலிருந்துதான் வரும்.