வெறும் மேசைக்கு எரிபந்தம் என்று சொன்ன மொடல்

மட்டக்களப்பின் படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் உயர்தரப் பிள்ளைகளுக்குத் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். உதாரணங்களைப் பார்த்துக் கணினி தானே கற்கும் இயந்திரக் கற்றலைப் பலகையில் எழுதிக் காட்டினால் ஒன்றும் ஏறவில்லை. போன பெரும்போகத்தில் ஆறு பிள்ளைகளை வயலுக்கே அனுப்பினேன். நெல் இலையின் படத்தைப் பார்த்து, நல்ல இலையா எரிபந்த நோய் விழுந்த இலையா என்று சொல்லும் மொடல் செய்யவேண்டும். அதற்குக் கூகுளின் டீச்சபிள் மெஷின் என்ற இணையக் கருவியை எடுத்தோம். காசு இல்லை, நிரல் எழுதவும் தேவையில்லை. பயிற்சி பிரவுசருக்குள்ளேயே நடப்பதால் படங்களை ஏற்றி டேட்டாவைக் கரைக்கவும் வேண்டாம்.

முதல் நாளே 100க்கு 98 சரி. பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் ஒருத்தி இலையே வைக்காமல் மேசையைக் கமெராவுக்குக் காட்டினாள். எரிபந்தம் என்றது மொடல்.

காரணத்தை அவர்களே தேடட்டும் என்று நான் வாயைத் திறக்கவில்லை. படங்களையெல்லாம் வரிசையாகப் பார்த்தார்கள். நல்ல இலைகளை வயலில் நின்றே எடுத்திருக்கிறார்கள். நோய் விழுந்ததைப் பிடுங்கிவந்து பள்ளிக்கூட மேசையில் வைத்து எடுத்திருக்கிறார்கள். மேசை இருந்தால் நோய் என்று மொடல் பிடித்துக்கொண்டது. சரி, அந்த 98 எப்படி வந்தது? அந்தக் கருவி நாம் கொடுக்கும் படங்களில் 15 வீதத்தைச் சோதனைக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் பயிற்சி எடுக்கிறது. ஒரே இலையைப் பத்துத் தரம் எடுத்திருந்தால் அது இரண்டு பக்கமும் போய்விடும். சோதனையிலும் அதே இலை, அதே மேசை.

அடுத்த சுற்றில் எல்லாமே வயலில் எடுத்த படங்கள். ஒரு வட்டையில், அதாவது ஒரு வயற்பகுதியில், எடுத்தவை பயிற்சிக்கு, வேறு வட்டையில் எடுத்தவை சோதனைக்கு. ஒவ்வொரு படத்துக்கும் எந்த வகை என்று பெயரிட, வயல் வேலைகளை மேற்பார்க்கும் வட்டைவிதானை ஐயாவைக் கூப்பிட்டோம். அந்தப் பின்னேரத்தை நான் மறக்கமாட்டேன். எரிபந்தம் என்று பிள்ளைகள் போட்டிருந்ததில் பாதியைத் தள்ளிவிட்டார். "ரெண்டு முனையும் கூரா, கண் மாதிரி இருந்தாத்தான் எரிபந்தம் மகள். இது எள்ளு மாதிரி இருக்கு, கபிலப் புள்ளி." அதற்கென்று மூன்றாவது வகை சேர்த்தோம். சில படங்களில் அவருக்கும் மற்றக் கமக்காரருக்குமே ஒத்துப்போகவில்லை. அவற்றைப் புறம்பாக எடுத்துவைத்தோம்.

இந்தமுறை 100க்கு 71. அதைப் பிள்ளைகள் நம்பினார்கள்.

கல்முனையிலிருந்து ஒரு பதில்:

எங்களுக்கும் இப்படித்தான் சேர். கையெழுத்து இலக்கங்களை வாசிக்கும் மொடலை எம்னிஸ்ட் என்ற கையெழுத்து இலக்கப் படத் தொகுப்பில் படிப்பித்தோம். பயிற்சிக்கு 60,000 படங்கள், சோதனைக்கு 10,000. எழுதியவர்கள் எல்லாம் அமெரிக்கர்கள், கறுப்பில் வெள்ளை எழுத்து. மாணவன் ஒருவன் தன் வாப்பாவின் கடைக் கடன் கொப்பியைப் படமெடுத்துக் கொடுத்தான். கொப்பியின் நீலக் கோடுகள் இலக்கத்தோடு ஒட்டி எல்லாவற்றையும் குழப்பிவிட்டன. கோட்டை அழித்து, நிறத்தைத் திருப்பி, இலக்கத்தை நடுவுக்குக் கொண்டுவர மூன்று கிழமை. நேரம் வீணாகிறதே என்று அப்போது கோபப்பட்டேன். இப்போது அந்த மூன்று கிழமையைத்தான் பாடமாக வைத்திருக்கிறேன். வட்டைக்கு வட்டை பிரித்தது நல்ல யோசனை. அடுத்த தவணை நாங்கள் கடைக்குக் கடை பிரிக்கப் போகிறோம்.