நிற்கவைத்துக் காயடிப்பதா, படுக்கவைத்தா?

கருஞ்சேணம்:
என் ஆண் குட்டிக்கு இரண்டு வயதாகிறது. பெட்டைக் குதிரையின் வாசம் பட்டாலே லாயக் கதவை உதைக்கிறான். காயடித்துவிட முடிவு செய்திருக்கிறேன். நிற்கவைத்தே முடித்துவிடலாம் என்கிறார் மருத்துவர். குதிரைகளோடு வாழ்ந்த பெரியவர் ஒருவரோ, படுக்கவைக்காமல் கத்தி வைப்பது பைத்தியக்காரத்தனம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

நாலுகால்:
மருத்துவர் பேச்சை. குதிரைக்கு முழு மயக்கம் என்பதே தனி ஆபத்து. 2002இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், வயிற்றுவலி அறுவையைக் கணக்கில் சேர்க்காமலேயே, ஏறக்குறைய நூற்றில் ஒரு குதிரை மயக்கத்தை ஒட்டி இறந்திருக்கிறது. தெளிந்து எழும்போது தடுமாறிக் கால் உடைத்துக்கொள்வதும் உண்டு. டெட்டோமிடின் என்ற தணிப்பு மருந்தும் பியூட்டார்ஃபனால் என்ற வலிநிவாரணியும் கொடுத்துத் தூங்கவைத்தாற்போல் நிறுத்தி, விதையிலும் அதைத் தாங்கும் ரத்தக்குழாய்த் தண்டிலும் லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்தைச் செலுத்தினால் போதும். எதற்கு விழவைக்க வேண்டும்?

புரவிப்பாகன்:
அந்தக் கணக்கில் மருத்துவமனையில் வாயு கொடுத்து மணிக்கணக்கில் நடந்த அறுவைகளும் அடக்கம். புல்தரையில் ஊசி மட்டும் போட்டு இருபது நிமிடத்தில் முடிப்பதை அதோடு சேர்த்து எடைபோடாதீர்கள்.

நிற்கவைத்துச் செய்தபோது தலையைப் பிடித்தவன் நான். குட்டியின் கீழுதடு தொங்கியது, கண் பாதி மூடியிருந்தது. எல்லாரும் தைரியமாக இருந்தோம். தண்டை நசுக்கி வெட்டும் இடுக்கி வாயை மூடிய கணத்தில் பின்னங்கால் மின்னலாக வந்தது. இடுக்கி எகிறியது. அறுபட்ட தண்டு வழுக்கி உள்ளே ஏறிக்கொண்டது. ரத்தம் நூல் பிடித்தாற்போல் ஒழுகியது. பிறகு படுக்கவைத்துத்தான் தேடிக் கட்டினார்கள்.

படுக்கவைப்பதில் அவசரம் மட்டும் கூடாது. முதலில் தணிக்கும் சைலசின் ஊசி. ஐந்து நிமிடம் பொறுத்து, தலை முழங்கால் மட்டத்துக்குத் தாழ்ந்த பிறகே மயக்கும் கெட்டமின். குதிரை சரிந்ததும் கண்ணில் துண்டைப் போட்டு, மேல்பக்கப் பின்னங்காலைக் கயிற்றால் முன்னே இழுத்தால் மருத்துவருக்கு இரண்டு கையும் விடுதலை.

நாலுகால்:
பாகரே, உங்கள் கதையில் குற்றவாளி மரப்பு ஊசிதான். சரியாக மரத்திருந்தால் அந்தக் கால் வந்திருக்காது. நின்ற நிலையின் மேல் ஏன் பழி?

ஈரக்குளம்பு:
ஒரு சின்னக் கேள்வி. இரண்டு விதையும் இறங்கியிருக்கின்றனவா? யாராவது தொட்டுப் பார்த்தார்களா?

புரவிப்பாகன்:
பழி இருக்கிறது. காயடித்த வழியாகக் குடல் சரிந்து வெளியே வரும் விபத்தை யோசித்துப் பாருங்கள். பாரம் இழுக்கும் கனத்த இனங்களில் இது கூடுதல். நிற்கும் குதிரையில் தொங்கும் குடலை எப்படி உள்ளே தள்ளுவீர்கள்? படுத்திருந்தால் கையாள வழி உண்டு.

நாலுகால்:
கனத்த இனத்தையும் கழுதையையும் நிற்கவைக்கச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? இது சாதாரண இரண்டு வயதுக் குட்டி!

மருந்துப்பெட்டி:
இருவரும் சண்டை போடும் நேரத்தில் பின்கவனிப்பை மறக்க வேண்டாம். டெட்டனஸ் தடுப்பு கட்டாயம். குதிரையைப் போல் அந்த நஞ்சுக்கு இலக்காகும் விலங்கு குறைவு. புண்ணைத் தைக்காமல் விட்டால் நீர் வடிவதற்குத்தான் அப்படி விடுகிறார்கள், பதற வேண்டாம். மறுநாளிலிருந்து நடத்துங்கள், வீக்கம் வடியும். சொட்டுகளை எண்ண முடிந்தால் பொறுக்கலாம். எண்ண முடியாத ஒழுக்கு நிற்காவிட்டால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். பெட்டைகளோடு சில வாரங்கள் சேர்க்காதீர்கள், மிச்ச விந்து இருக்கும்.

கருஞ்சேணம்:
இன்று மருத்துவர் வந்தார். லேசாக மயக்கி, கையை விட்டுத் தடவியவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இடது விதை மட்டும்தான் இறங்கியிருக்கிறதாம். கிடைத்ததை மட்டும் எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும், கதவுக்கு உதை தொடரும் என்றார். கருவிப் பையைத் திறக்கவே இல்லை. அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஈரக்குளம்பு, உங்கள் கேள்வியை அன்று தாண்டிப் போனதற்கு மன்னியுங்கள்.

புரவிப்பாகன்:
அப்படியானால் மயக்கம்தான். இப்போதாவது ஒப்புக்கொள்ளுங்கள், நாலுகால்.

நாலுகால்:
விலாவில் துளையிட்டு, சிறு கேமரா நுழைத்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பி வழியாக நிற்கவைத்தே உள்விதையை எடுக்கிறார்கள், பாகரே.